டிராக் டேயில் நாலாவது லேப்பிலேயே 110 டிகிரி: ஸ்விஃப்ட் 1.2, எங்கிருந்து சரிசெய்யத் தொடங்கறது?

#1 எச்எஸ்ஆர்_ஹேட்ச்

வணக்கம். வண்டி ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல், கே-சீரிஸ், மேனுவல், 68,000 கி.மீ. என்ஜினுக்குள்ள கை வைக்கல. ஏர் ஃபில்டரும் எக்ஸாஸ்ட்டும் மட்டும் மாத்தினது. பெங்களூர்ல தினமும் ஓடுற வண்டிதான்.

சென்னை பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல, முழு 3.7 கி.மீ., வெளியே 36 டிகிரி, ஏசி ஆஃப். ஓபிடி டாங்கிள்ல (வண்டி கம்ப்யூட்டர்லேர்ந்து அளவுகளை எடுக்குற சின்னக் கருவி) பதிவான கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) வெப்பம், ஒவ்வொரு லேப் முடிவிலும்: 93, 98, 104, 110, 113. அஞ்சாவது லேப்புல ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தாச்சு. இத்தனைக்கும் டேஷ்போர்டுல எந்த எச்சரிக்கையும் வரல. சில்க் போர்டு நெரிசல்ல முக்கால் மணி நேரம் நின்னாலும் 97-ஐத் தாண்டாது.

தெர்மோஸ்டாட் (சூடேறினதும் ரேடியேட்டருக்குத் தண்ணியைத் திறந்து விடுற வால்வு) புதுசு, ஒரிஜினல். கூலன்ட் பச்சை, 50:50. ரேடியேட்டர் மூடியில 0.9 போட்டிருக்கு. 42 மி.மீ. தடிமன்ல அலுமினிய ரேடியேட்டர் செஞ்சு தர்றதா பீன்யாவுல ஒருத்தர் விலை சொல்லியிருக்கார். வாங்கிடலாமா?

#2 ஜேசிரோடு_ஸ்பேனர்

தம்பி, ரேடியேட்டர் பணத்தை இப்போதைக்குக் கையிலேயே வைங்க. நீங்க குடுத்த கணக்குலயே பாதி பதில் இருக்கு. நெரிசல்ல 97-லேயே நிக்குதுன்னா ஃபேன், ரிலே, ஃபேன் சென்சார் மூணும் சரி. நின்னா சூடாகுற வண்டிக்கு ஃபேனைப் பாக்கணும். ஓடினா சூடாகுற வண்டிக்குக் காத்து வர்ற வழி, தண்ணி ஓட்டம், கேஸ்கெட் இந்த மூணையும் பாக்கணும். உங்களுது ரெண்டாவது வகை.

கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் மேல இருக்கிற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற அடைப்பு) போயிருக்கான்னு முதல்ல பாத்துருங்க. அது போயிருந்தா மத்த எது செஞ்சாலும் வீண்.

ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மேல் ஹோஸைக் கையால அழுத்துங்க. குளிர்ந்த பிறகும் கல்லு மாதிரி இருந்தா என்ஜின்ல எரிஞ்ச புகை கூலன்ட்டுக்குள்ள போகுதுன்னு அர்த்தம். அடுத்தது பிளாக் டெஸ்டர். நீல நிறத் திரவம், ரேடியேட்டர் வாயில வெச்சு என்ஜினை ஓட விடணும். திரவம் மஞ்சளா மாறினா கேஸ்கெட்டோ ஹெட்டோ. டெஸ்டருக்குள்ள கூலன்ட் ஏறிட விட்டுராதீங்க, சோதனை கெட்டுடும். ரேடியேட்டர்ல ரெண்டு அங்குலம் குறைச்சுட்டு வைங்க.

மூணாவது, கைப்பம்பு வெச்ச பிரஷர் டெஸ்டர். மூடியில இருக்கிற அளவான 0.9 பார் ஏத்தி 15 நிமிஷம் விடுங்க. முள் அசையக் கூடாது. மூடியையும் அதே டெஸ்டர்ல தனியா பாருங்க. பழைய மூடியில ஸ்பிரிங் தளர்ந்து 0.6-லயே திறந்துக்கும்.

#3 மாரத்தஹள்ளி_விடெக்

ஒரு எளிய வழி இருக்கே. தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுட்டு, பானெட் கீல்ல ரெண்டு வாஷர் கொடுத்து பின்பக்கத்தைத் தூக்கி விட்டா சூடு மேல போயிடும். நிறைய வண்டியில இப்படித்தான் செய்யறாங்க.

#4 அல்சூர்_தெர்மோ

ரெண்டுமே பரவலா செய்யறாங்க, உண்மைதான். ஆனா ரெண்டும் இந்தப் பிரச்சினைக்கு எதிர்த்திசையில வேலை செய்யும்.

பானெட்டோட பின் விளிம்பு, விண்ட்ஷீல்டு அடிவாரம். ஓடுற வண்டியில அந்த இடத்துல காற்றழுத்தம் அதிகம். அதனாலதான் கேபினுக்கான காத்தை எல்லா கம்பெனியும் அங்கிருந்து எடுக்குறாங்க. அங்க இடைவெளி விட்டா வேகத்துல காத்து வெளியே வராது, உள்ளே போகும். என்ஜின் பேக்குள்ள (பானெட்டுக்குக் கீழ என்ஜின் இருக்கிற அறை) அழுத்தம் ஏறும், ரேடியேட்டர் வழியா வர வேண்டிய காத்து குறையும். நிக்கும்போது சூடு மேல போறது உண்மை. அது பிட்டுல (டிராக் ஓரம் வண்டி நிறுத்துற இடம்) நிக்கிறப்ப மட்டும்தான் உதவும்.

தெர்மோஸ்டாட்டுக்குக் காரணம் வேற. பல என்ஜின்ல தெர்மோஸ்டாட் முழுசா திறக்கும்போது, அதோட அடித்தட்டு பைபாஸ் வழியை (ரேடியேட்டருக்குப் போகாம என்ஜினுக்கே திரும்புற குறுக்கு வழி) மூடும். கழட்டினா அந்த வழி எப்பவும் திறந்தே இருக்கும், ஒரு பங்கு தண்ணி ரேடியேட்டருக்குப் போகாமலே சுத்தி வரும். காலையில என்ஜின் சூடேற நேரமாகும், அதுல தேய்மானமும் கூடும். 82-க்குப் பதிலா 76 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டாலும் உச்ச வெப்பம் மாறாது. உச்சத்தைத் தொடறது ஒரு லேப் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

"தண்ணி வேகமா ஓடினா ரேடியேட்டர்ல குளிர நேரமில்ல"ங்கற பேச்சையும் இங்கேயே முடிச்சுக்கலாம். ஓட்டம் கூடினா வெப்பக் கடத்தல் கூடத்தான் செய்யும். ஒரே தண்ணிதான் திரும்பத் திரும்ப வருது. ஒரு சுற்றுல குறைவா குளிர்ந்தாலும் நிமிஷத்துக்கு அதிக சுற்று.

இப்ப கணக்கு. உங்க என்ஜின் சக்தி 85 பிஎஸ்னா 62 கிலோவாட். முழு ஆக்சிலரேட்டர்ல கூலன்ட்டுக்குள்ள இறங்குற வெப்பம் தோராயமா 40 முதல் 50 கிலோவாட். நெடுஞ்சாலையில 100-ல சீரா போறப்ப 15 பக்கம்தான். அதனால நைஸ் ரோடு மாதிரி விரைவுச் சாலையில ஓட்டிப் பாத்து "சரியாயிடுச்சு"ன்னு சொல்ல முடியாது. அந்தச் சோதனையைப் பொதுச் சாலையில செய்யவும் வேண்டாம்.

ரேடியேட்டரோட திறன், கூலன்ட்டுக்கும் வெளிக்காத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. 105 டிகிரி கூலன்ட்டுக்கு, பெங்களூர் 28-ல வித்தியாசம் 77. சென்னை 38-ல 67. இதுலயே 13% போச்சு.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு அளவு எடுங்க: ரேடியேட்டருக்குள்ள போற தண்ணி, வெளியே வர்ற தண்ணி, ரெண்டோட வெப்பமும். ரெண்டு சேனல் தெர்மாமீட்டர், ரெண்டு கே-டைப் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்குற கம்பி சென்சார்) போதும். ஹோஸ் மாட்டுற மெட்டல் குழாய்மேல ஒட்டி, மேல ஃபோம் சுத்தி, கேபிள் டை போட்டு இறுக்குங்க. ஃபோம் இல்லேன்னா வெளிக்காத்தைத்தான் அளக்கும். குழாய் பிளாஸ்டிக்கா இருந்தா ஹோஸுக்கு நடுவுல அலுமினிய அடாப்டர் வெச்சு அதுல சென்சாரை மாட்டுங்க.

சூடு உச்சத்துல இருக்கும்போது வித்தியாசம் 15 டிகிரிக்கு மேல இருந்தா தண்ணி ஓட்டம் போதல: பம்பு, உள்ளடைப்பு, அமுங்கிப் போற கீழ் ஹோஸ். வித்தியாசம் 4, 5-ன்னு சின்னதா இருந்தா தண்ணி நல்லா ஓடுது, காத்துதான் வெப்பத்தை வாங்கல. சராசரி நிலையில 8 முதல் 10 வரும்.

#5 எச்எஸ்ஆர்_ஹேட்ச்

மூணு வாரம் ஆச்சு, மன்னிக்கணும். சோதனை எல்லாம் முடிஞ்சது.

பிளாக் டெஸ்டர் நீலமாவே இருந்தது. பிரஷர் 15 நிமிஷம் நின்னது. மூடி 0.7-லயே திறந்தது, புதுசு வாங்கியாச்சு. டிராக்ல வெளி வெப்பம் 36, நாலாவது லேப்: ரேடியேட்டர் உள்ளே 111, வெளியே 106. வித்தியாசம் 5.

பம்பரைக் கழட்டினதுல தெரிஞ்சது: ரேடியேட்டர் ரெண்டு பக்கமும் மூணு விரல் போற இடைவெளி, மேல கிராஸ்மெம்பருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இன்னொண்ணு. என்ஜின் அடித்தட்டே இல்ல. ஏதோ சர்வீஸ்ல கழட்டினவங்க திரும்ப மாட்டல.

#6 பீன்யா_தகடு

அப்ப விடை கிடைச்சாச்சு. நான் ரேடியேட்டர் செய்யற தொழில்ல இருக்கேன், இருந்தாலும் சொல்றேன், உங்களுக்கு இப்ப ரேடியேட்டர் வேண்டாம். 42 மி.மீ. கோர்ல (ரேடியேட்டரோட குழாயும் ஃபின்னும் உள்ள நடுப்பகுதி) காத்து நுழைய ஸ்டாக்கை விட அதிக அழுத்தம் வேணும். பக்கத்துல திறந்த வழி இருந்தா காத்து ஏன் தடிச்ச கோருக்குள்ள போகணும்? சுத்திப் போயிடும். இடம் இருந்தா அகலத்தைக் கூட்டணும், தடிமனைக் கடைசியா.

கிரில்லுக்குள்ள நுழைஞ்ச காத்து ஒவ்வொரு துளியும் கோர் வழியாத்தான் போகணும், வேற வழியே இருக்கக் கூடாது. இதுதான் முழு வேலையும்.

முதல்ல அட்டைப்பெட்டி அட்டையில மாதிரி வெட்டுங்க. பம்பர் வாயிலிருந்து கண்டென்சர் (ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கிற ஏசியோட ரேடியேட்டர்) விளிம்பு வரைக்கும் இடம், வலம், மேல், கீழ்னு நாலு துண்டு. பொருந்தினதும் 1 மி.மீ. அலுமினியத் தகடுல அதே வடிவம். விளிம்பை 10 மி.மீ. மடிச்சு விடுங்க, இல்லேன்னா அதிர்வுல கிழியும், கையையும் கிழிக்கும். பம்பருக்கு 6 மி.மீ. பிளாஸ்டிக் கிளிப், ரேடியேட்டர் சப்போர்ட்டுக்கு எம்6 ரிவெட் நட். ரேடியேட்டர் டேங்க்ல துளை போடவே கூடாது.

தகடு கோரைத் தொடக் கூடாது. 10 மி.மீ. விட்டு, அந்த இடைவெளிக்கு 13 மி.மீ. நைட்ரைல் ஃபோம் வெச்சு அமுக்குங்க. ஏசி பைப்புக்குச் சுத்துற கறுப்பு ஷீட் இருக்கே, அதேதான். சாதாரண பஞ்சு ஃபோம் தண்ணி குடிச்சு ஒரே மழையில உதிரும்.

பம்பர் வாய் பெருசா இருக்கணும்னு எல்லாரும் நினைக்கறாங்க. கோர் பரப்புல நாலுல ஒரு பங்கிலிருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் வாய் இருந்தா போதும், ஆனா டக்ட்டோட (நாலு தகடும் சேர்ந்த காத்து வழி) ஓரமெல்லாம் காத்து கசியாம அடைச்சிருக்கணும். வாயிலிருந்து கோர் வரைக்கும் மெல்ல விரியற டக்ட்ல காத்தோட வேகம் குறைஞ்சு அழுத்தம் கூடும். அந்த அழுத்தம்தான் கோர் வழியா தள்ளுது.

அடித்தட்டு கட்டாயம் திரும்ப மாட்டணும். அது இல்லாம கீழேயிருந்து காத்து என்ஜின் பேக்குள்ள ஏறி ரேடியேட்டர் பின்பக்கம் அழுத்தத்தைக் கூட்டுது. ஒரிஜினல் பிளாஸ்டிக்கே போதும், கிளிப் எல்லாம் புதுசா வாங்குங்க.

#7 ஜேசிரோடு_ஸ்பேனர்

தகடு வேலைக்கு பம்பர் கழட்டியிருக்கிறப்பவே கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல டார்ச் அடிச்சுப் பாருங்க. 60,000 கி.மீ. தாண்டின வண்டியில அங்க தூசி, பூச்சி, புல்லு எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும். வெளியிலேர்ந்து பாத்தா கண்டென்சர் சுத்தமா தெரியும், ஏமாந்துடுவீங்க. மேல் பிராக்கெட் போல்ட்டைக் கழட்டி ரேடியேட்டரைப் பின்னால சாய்ச்சா 3 விரல் இடம் கிடைக்கும். ஏசி பைப்பைத் தொட வேண்டியதில்ல. என்ஜின் பக்கத்துலேர்ந்து முன்பக்கமா, தோட்டத்து ஹோஸ்ல மெதுவா தண்ணி விடுங்க. கார் வாஷ் பிரஷர் கன் வேண்டவே வேண்டாம், ஃபின் எல்லாம் மடிஞ்சு படுத்துக்கும். மடிஞ்சதை ஃபின் சீப்பு வெச்சு நிமித்தலாம்.

கூலன்ட் விஷயம். நம்ம ஊர்ல தண்ணி உறையப் போறதில்ல, 50% கிளைக்கால் (கூலன்ட்ல இருக்கிற உறைதடுப்பு) எதுக்கு? கிளைக்கால் கலந்தா தண்ணி வெப்பம் சுமக்கிறதும் குறையும், பிசுபிசுப்பும் கூடும். டிராக் வண்டிக்கு 20% கூலன்ட், 80% டிமினரலைஸ்டு தண்ணி வைங்க. இவ்வளவு குறைவா கலந்தா துருத் தடுப்பு மருந்து தனியா சேர்க்கணும், வெறும் தண்ணியில அலுமினியம் அரிச்சிடும். பெங்களூர் போர் தண்ணியை ஒரு டம்ளர்கூட ஊத்திடாதீங்க. உப்புப் படிவு 1 மி.மீ. சேர்ந்தாலே ஹெட் சூட்டைத் தண்ணி வாங்காது. காவிரித் தண்ணியும் வேண்டாம். பல பந்தயங்கள்ல கிளைக்காலே கூடாதுன்னு விதி இருக்கு, டிராக்ல சிந்தினா டயர் வழுக்கும். உங்க ஈவண்ட் விதியைப் பாத்துக்குங்க.

ஏர் லாக் (குழாய்க்குள்ள மாட்டின காத்து) எடுக்கிற முறை: முன் சக்கரம் ரெண்டும் ரேம்ப் மேல. ஹீட்டர் முழுச் சூட்டுல. புனல் வெச்சு மெதுவா ஊத்தணும். மூடி போடாம ஐடிலிங், மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் மாத்தி மாத்தி அமுக்கி விடணும். ஃபேன் ரெண்டு தடவை ஓடி நின்னதும் 2,500 ஆர்பிஎம்ல ஒரு நிமிஷம். குமிழி நின்னா மூடி போடலாம். மறுநாள் காலையில, வண்டி குளிர்ந்திருக்கும்போது அளவைத் திரும்பப் பாருங்க. கொஞ்சம் இறங்கியிருக்கும்.

#8 மாரத்தஹள்ளி_விடெக்

வாஷர் விஷயம் புரிஞ்சது, நன்றி அண்ணா. ஒரு கேள்வி. மூடியை 1.3 பார்ல போட்டா கொதிநிலை கூடுமே, அதையும் செய்யலாமா?

#9 அல்சூர்_தெர்மோ

கூடும். கடல்மட்டத்துல 0.9 மூடியோட சுத்தத் தண்ணி 119-ல கொதிக்கும், 1.1-ல 122, 1.3-ல 125. ஆனா மூடி வெப்பத்தைக் குறைக்காது, கொதிக்கிறதை மட்டும் தள்ளிப் போடும். 1.1 வரைக்கும் போறது நியாயம். 1.3 போட்டா ஹோஸ், பிளாஸ்டிக் டேங்க், ஹீட்டர் கோர் எல்லாம் அந்த அழுத்தத்தைத் தாங்கணும். பழைய வண்டியில முதல்ல ஹீட்டர் கோர் ஒழுகும், அதுவும் காலடியில.

இன்னொண்ணு எல்லாரும் கவனிக்கணும். 113-ல இருந்த வெப்பம் திடீர்னு 90-க்கு இறங்கினா மகிழ்ச்சிப்படாதீங்க. தண்ணி வெளியேறி, சென்சார் ஆவியில நிக்குதுன்னு அர்த்தம். தண்ணியில்லாத என்ஜின் அரை நிமிஷத்துல ஹெட்டை வளைச்சிடும். பெரும்பாலான அலுமினிய ஹெட்டுக்கு 0.05 மி.மீ. வளைவுதான் எல்லை. 0 முதல் 2 பார் கூலன்ட் பிரஷர் சென்சார் ஒண்ணு வெச்சா, வெப்பமானிக்கு முன்னாடியே அது சொல்லிடும். சூடான என்ஜின்ல அழுத்தம் 0.3-க்குக் கீழ போனா உடனே ஓரம் கட்டி என்ஜினை அணைக்கணும்.

#10 கேஆர்புரம்_லேப்டைம்

டக்ட் வேலை முடியற வரைக்கும் ஓட்டுற விதத்துலயே 4, 5 டிகிரி மிச்சம் பிடிக்கலாம்.

முன் வண்டி பம்பரோட ஒட்டியே போனா அதோட சூடான, கலங்கின காத்துதான் உங்க ரேடியேட்டருக்கு வரும். மெயின் ஸ்ட்ரெய்ட்ல அரை வண்டி அகலம் ஒதுங்கி ஓட்டுங்க. லிமிட்டருக்கு (என்ஜின் வேகத்தை நிறுத்துற உச்ச எல்லை) 500 ஆர்பிஎம் முன்னாடியே கியர் மாத்துங்க. 107 தொட்டதும் ஒரு லேப் மேல் கியர்ல, 3,000 ஆர்பிஎம்ல, பிரேக் தொடாம சுத்துங்க. ஓரமா போங்க, கண்ணாடியைப் பாருங்க, பின்னால வேகமா வர்றவங்களுக்கு வழி விடுங்க. 112 ஆனா ஹீட்டர் முழுச் சூடு, ப்ளோவர் முழு வேகம், ஜன்னல் கீழே. ஹீட்டர் கோரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான்.

பிட்டுக்கு வந்ததும் உடனே ஆஃப் பண்ணாதீங்க. பம்பு நின்னதும் ஹெட் சூடு அங்கேயே தங்கி, நின்ன தண்ணி கொதிக்கும். பானெட்டைத் திறந்து ரெண்டு நிமிஷம் ஐடிலிங்ல விட்டு, 98-க்கு வந்த பிறகு அணைங்க. மூடியை ஒரு மணி நேரத்துக்குத் தொடக் கூடாது.

#11 எச்எஸ்ஆர்_ஹேட்ச்

ஃபேன் ஷ்ரவுடு (ஃபேனைச் சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் கூடு) கோர்ல பாதியை மறைக்குதே, வேகத்துல அது தடையா? கழட்டிடலாமா?

#12 பீன்யா_தகடு

கழட்டாதீங்க, கழட்டினா நெரிசல்ல ஃபேன் உறிஞ்சறது பாதியாயிடும். தினமும் ஓட்டுற வண்டி. ஷ்ரவுடு தட்டையா மறைக்கிற இடத்துல 50 மி.மீ. வட்டத் துளை நாலு போட்டு, பின்பக்கம் 2 மி.மீ. ரப்பர் ஷீட்டை மேல் விளிம்புல மட்டும் ரிவெட் அடிங்க. வேகத்துல காத்து ரப்பரைத் தள்ளித் திறக்கும், ஃபேன் ஓடும்போது உறிஞ்சி மூடிக்கும். ரப்பர் ஃபேன் இறக்கையைத் தொடாத அளவுக்கு வெட்டிக்குங்க.

பானெட் வென்ட் இப்ப வேண்டாம். பிறகு தேவைன்னா ரேடியேட்டருக்கு நேர் பின்னால, பானெட்டோட முன் மூணுல ஒரு பங்குல வெட்டணும்.

#13 எச்எஸ்ஆர்_ஹேட்ச்

நாலு பக்க டக்ட், நைட்ரைல் ஃபோம், அடித்தட்டு, கண்டென்சர் சுத்தம், 20:80 கூலன்ட், 1.1 மூடி, ஷ்ரவுடு ரப்பர். ரேடியேட்டர் ஸ்டாக். இருங்காட்டுக்கோட்டை, வெளி வெப்பம் 33. எட்டு லேப்: 91, 95, 98, 100, 101, 101, 102, 101. உள்ளே-வெளியே வித்தியாசம் 8.

ஆனா இந்த முறை சம்ப் (என்ஜின் அடியில ஆயில் தங்குற தொட்டி) போல்ட்ல ஆயில் வெப்ப சென்சாரும் வெச்சேன். எட்டாவது லேப்புல 134.

#14 அல்சூர்_தெர்மோ

ரொம்ப நல்ல பதிவு. ஒரு திருத்தம் மட்டும்: முன்னாடி 36, இப்ப 33. வெளி வெப்பம் 1 டிகிரி குறைஞ்சா கூலன்ட்டும் ஏறக்குறைய 1 டிகிரி குறையும். அதனால மே மாசத்துக்கு 104, 105-ன்னு எண்ணிக்குங்க. 113-லேயும் ஏறிக்கிட்டே இருந்த கோடு இப்ப 101-ல படுத்திருக்கு. உச்ச எண்ணை விட இதுதான் முக்கியம், வெப்பம் சமநிலைக்கு வந்துடுச்சு.

ஆயில் 134 கவலைப்பட வேண்டிய இடம். 100 முதல் 120 நல்ல நிலை, 130 தாண்டினா ஆயில் சீக்கிரம் கெடும், 140-ல பேரிங் மேல ஆயில் படலம் மெலியும்.

#15 ஜேசிரோடு_ஸ்பேனர்

முதல்ல 5டபிள்யூ-40 முழு சிந்தெடிக், ஒவ்வொரு ரெண்டு டிராக் டேக்கும் மாத்துங்க. அப்புறம் ஆயில் கூலர். 10 அல்லது 13 வரிசை (கூலர்ல ஆயில் ஓடுற குழாய் வரிசை) போதும், 1.2 லிட்டருக்கு 19 வரிசை போட்டா ஆயில் சூடே ஆகாது. சாண்ட்விச் பிளேட் (ஆயில் ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவுல மாட்டி ஆயிலைக் கூலருக்கு அனுப்புற தட்டு) தெர்மோஸ்டாட் உள்ளது வேணும், 80 டிகிரி பக்கம் திறக்கிற மாதிரி. வாங்குறதுக்கு முன்னாடி ஃபில்டர் மரை அளவை ஒத்துப் பாருங்க. ஹோஸ் அளவு ஏஎன்-8 அல்லது ஏஎன்-10.

வைக்கிற இடத்துலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ரேடியேட்டர் முன்னாடி மாட்டாதீங்க, இவ்வளவு பாடுபட்டு அடைச்ச டக்ட்டுக்குள்ள சூடான காத்தை நீங்களே விடுற மாதிரி ஆகும். ஃபாக் லேம்ப் துளைக்குப் பின்னால, தனியா சின்ன டக்ட்டோட, காத்து வீல் ஆர்ச் வழியா வெளியே போற மாதிரி. கனெக்டர் மேல் பக்கம் பாத்து இருக்கணும், கீழ பாத்து மாட்டினா உள்ள காத்து தங்கும்.

மாட்டினதும் கூலர்ல கையாலேயே ஆயில் நிரப்பிட்டு ஹோஸை இறுக்குங்க. ஃபியூயல் பம்பு ஃபியூஸைக் கழட்டி, ஆயில் விளக்கு அணையற வரைக்கும் ஸ்டார்ட்டர், 10 விநாடிக்கு மேல ஒரே இழுப்பா வேண்டாம். பிறகு ஓட விட்டு 90 தாண்டினதும், தெர்மோஸ்டாட் திறந்த பிறகு, அணைச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக் பாருங்க. அரை லிட்டர்லேர்ந்து முக்கால் லிட்டர் வரைக்கும் கூடுதலா கேட்கும். ஹோஸ் எங்கெல்லாம் பாடியில உரசுதோ அங்க ரப்பர் உறை. முதல் செஷன் ரெண்டே லேப், வந்து எல்லா கனெக்டரையும் விரலால தடவிப் பாத்துட்டு அப்புறம் போங்க.